காசையும் குடத்தில் எடுத்து வையுங்கள்

எனக்குச் சொந்த இடம், யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலுக்குள் இருக்கும் நெடுந்தீவு. வளவுக்குள் கிணறு இருந்தாலும் தண்ணீர் உவர். குடிக்க நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தோடு தூரத்துக் கிணற்றுக்குத்தான் போக வேண்டும். அதனால் தண்ணீரின் அருமை சின்ன வயதிலேயே தெரியும், காசின் அருமை தெரியாது. அது தெரிந்தது, படிக்கவென்று குறிகட்டுவான் இறங்குதுறையில் வந்திறங்கி, பஸ் ஏறி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் அறை எடுத்து, முதல் மாதம் 19ஆம் திகதியே கையில் ஊருக்குப் போகும் காசு மட்டும் மிஞ்சி நின்றபோதுதான். வீட்டை விட்டுப் புதிதாக யாழ்ப்பாணம் வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு, பிறகு நான் பழகிக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும், ஆனால் காசு கையை விட்டுப் போன உடனேயே எழுத வேண்டும், இரவு படுக்கும்போது யோசித்தால் பாதி மறந்துவிடும். பெரிதாக ஒன்றும் வாங்கவில்லையே என்றுதான் நானும் நினைத்தேன். எழுதிப் பார்த்தால் பிளேன்டீ, ரோல்ஸ், டேட்டா, மழைக்கு ஏறிய ஓட்டோ என்று வரிசையாக வந்தது.

அடுத்தது பிரித்து வைப்பது. மகாபொல உதவித்தொகையோ சம்பளமோ வீட்டுக்காசோ, வந்த அன்றைக்கே வாடகையையும் கரண்ட் பில்லுக்கானதையும் ஒதுக்கிவிடுங்கள். மிச்சத்தை நாலாகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரியுங்கள், ஏனென்றால் நாலு கிழமை என்பது 28 நாள்தான், காய்ச்சல் வருவதும் செருப்பு அறுவதும் அந்தக் கடைசி இரண்டு மூன்று நாளுக்குள்தான் என்று எனக்கு எப்போதும் படும். கிழமைக்கு ஒரு பங்கை மட்டும் தாளாக எடுங்கள், கார்ட் அறையிலேயே இருக்கட்டும். குடத்தை இடுப்பில் வைத்துச் சுமந்து வந்த ஆள் அந்தத் தண்ணீரில் கால் கழுவமாட்டார். கார்டில் இருக்கும் காசுக்கு அந்தப் பாரம் இல்லை, கையில் எண்ணி எடுத்த காசுக்கு இருக்கிறது.

சமையலுக்கு வருவோம், மிச்சம் பிடிக்க நிறைய இடம் அங்கேதான். தேங்காயையே பாருங்கள். வீட்டில் ஒரு தேங்காய் உடைத்தால் காலையில் சம்பல், சொதி, மத்தியானம் கறி என்று அன்றைக்கே முடிந்துவிடும். அறையில் தனியாள் உடைத்தால் ஒரு பாதி அடுத்த நாள் வழுவழுத்து மணக்கும், தூக்கி எறிய வேண்டியதுதான். கண் உள்ள பாதி கெதியில் பழுதாகும், அதை முதலில் திருவுங்கள். மற்றப் பாதியின் உட்புறத்தில் உப்புத் தடவிக் கவிழ்த்து வையுங்கள், மறுநாள் சம்பலுக்கு உப்பைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் சரி. பிழிந்த தேங்காய்ப்பூவிலும் இன்னொரு முறை தண்ணீர் விட்டுப் பிழிந்து, அந்தப் பாலில் மரக்கறியை அவியவிடுங்கள், முதற்பால் கடைசியில் போதும். பக்கத்து அறையில் சமைக்கிறவர்கள் இருந்தால் ஒரு தேங்காயை இரண்டு பேராக வாங்குவது இன்னும் நல்லது.

காஸ் சிலிண்டர் மாற்றிய திகதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். 12.5 கிலோ சிலிண்டர் உங்களுக்கு எத்தனை நாள் வருகிறது என்று தெரிந்தால்தான் கடலையை ஏன் இரவே ஊறப்போட வேண்டும் என்பது விளங்கும். 2022இல் காஸுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

கரண்டுக்கு 60 யூனிட் என்ற எல்லையை நினைவில் வையுங்கள். மாதம் அதைத் தாண்டினால் கணக்குப் போடும் முறையே மாறி, முதல் யூனிட்டுக்கே விலை கூடும். 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணித்தியாலம் எரிந்தால் 1 யூனிட். கிழமைக்கொரு தடவை மீட்டரைப் பாருங்கள், அறையில் மூன்று பேர் என்றால் மூன்று பேரும் சேர்ந்து பாருங்கள், பில் வந்த பிறகு முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

கிணற்றுத் தண்ணீருக்கு பில் வராது, அதனால்தான் எனக்குப் பயம். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்கும் நல்ல தண்ணீரைத்தான் கிணற்றில் எடுக்கிறோம், அதற்குக் கீழே கடல் தண்ணீர். மோட்டரைப் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வரும். உவர்க் கிணற்றோடு வளர்ந்த ஆளாகக் கேட்கிறேன், தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டால் உங்கள் முறை இல்லாவிட்டாலும் எழும்பிப் போய் மோட்டரை நிற்பாட்டுங்கள்.

கைமாற்று வாங்கினால் அதையும் கொப்பியில் எழுதி, அடுத்த காசு வந்ததும் வாடகைக்கு அடுத்ததாக அதைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், ஊருக்குப் போகும்போது கொப்பியை வீட்டில் காட்டுங்கள். நான் காட்டினேன். அம்மா மற்றப் பக்கமெல்லாம் புரட்டிவிட்டுத் தேங்காய்க் கணக்கில் விரலை வைத்து, "கிழமைக்கு மூண்டோ? ஒரு ஆளுக்கு ரெண்டு காணும் பிள்ளை" என்றார். அடுத்த கிழமை இரண்டுதான் வாங்கினேன், போதுமாகத்தான் இருந்தது.