துன்பியல் நாயகனும் அகந்தையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் திறனாய்வு எழுத வருகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. பெயர்ப்பிழை, மேற்கோளில் சொல் விடுபடுவது போன்றவற்றை இரண்டாம் வாசிப்பில் அவர்களே பிடித்துவிடுவார்கள். துன்பியல் நாயகனைப் பற்றி, அதாவது வீழும்போது நம்மை இரங்க வைக்கும் பெரிய பாத்திரத்தைப் பற்றி, எழுதும்போது அப்படிப் பிடிபடாத சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அகந்தையைத் தனிக்குறையாகப் பிரித்து வைப்பது

இராவணனைப் பற்றி ஓர் இளைஞர் எழுதிய கட்டுரை அண்மையில் வந்தது. முதல் இரண்டு பக்கம் அருமை: கயிலையைப் பெயர்த்த தோள், சாமகானம், திசை யானைகளோடு மோதிய மார்பு. மூன்றாம் பக்கத்தில் அந்த வரி வந்துவிட்டது: "இத்தனை சிறப்பிருந்தும் அகந்தை என்ற ஒரே குறை அவனை அழித்தது." எத்தனை பேர் கட்டுரையில் இதை அடித்திருப்பேனோ, எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

"அந்த அகந்தையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது யார்?" என்று கேட்டேன். "நல்ல அரசன்" என்றார். நல்ல அரசன் எதற்குக் கயிலையில் கை வைக்கப் போகிறான்?

முதற்போரில் தோற்று அவன் திரும்புவதைக் கம்பனில் படியுங்கள். 'வாரணம் பொருத மார்பும்' என்று தொடங்கி, மலையெடுத்த தோள், நாரதர் மெச்சிய நா, பத்து மகுடம், சங்கரன் தந்த வாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, வீரத்தையும் களத்தே போட்டுவிட்டு 'வெறுங் கையோடு இலங்கை புக்கான்' என்கிறார். அப்போதும் பகைவர் சிரிப்பார்களே என்று அவன் நாணவில்லை. சானகி சிரிப்பாளே என்றுதான் நாணுகிறான். பின்னால், சீதையை விட்டுவிடுங்கள் என்று இந்திரசித்தே சொல்லும்போது, மற்றவர்களை நம்பி அல்ல, 'என்னையே நோக்கி' இந்தப் பகையைத் தேடிக்கொண்டேன் என்கிறான். இராமன் பேர் நிற்கும்வரை என் பேரும் நிற்கும், 'புகழுக்கும் இறுதி உண்டோ?' என்கிறான். மலையைத் தூக்க வைத்ததும் மகன் பேச்சைத் தள்ள வைத்ததும் ஒரே குணம்தான். அதை இரண்டாக வெட்டினால் கட்டுரை நீதிக்கதையாகிவிடும். வாசகருக்கு அவன்மேல் இரக்கம் வராது.

கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ஈடிபஸ் அரசனும் இப்படித்தான். ஸ்பிங்க்ஸ் என்ற அரக்கியின் புதிரை விடுவித்த அறிவு அவனை அரசனாக்கியது. அந்த அறிவின்மேல் வைத்த நம்பிக்கைதான் உண்மையைச் சொன்ன குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸை ஏச வைத்தது, மனைவி ஜொகாஸ்டா கெஞ்சியும் தன் பிறப்பைப் பற்றிய விசாரணையை நிறுத்தவிடாமல் செய்தது.

எல்லா வீழ்ச்சிக்கும் அகந்தையையே காரணமாக்குவது

கர்ணனை இழுத்துப் போனது நன்றிக்கடன், ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவை மனைவிமேல் கொண்ட சந்தேகம். கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டிலும் 'கவிதையியல்' நூலில் பெரும்பிழை ஒன்றைத்தான் சொல்கிறார்; அது அகந்தைதான் என்று சொல்லவில்லை.

வில்லனைத் துன்பியல் நாயகனாக்குவது

துன்பியல் நாயகன் விழும்போது நமக்கு வலிக்க வேண்டும். வலிக்கவில்லையா, வேறு ஆளைப் பாருங்கள்.

திரும்பிய கணத்தை விட்டுவிடுவது

சோஃபக்ளீஸின் 'அந்திகனி' நாடகத்தில், அந்திகனியின் அண்ணன் உடலைப் புதைக்கக் கூடாதென்று தடை போட்டு, மீறிய அவளைக் குகையில் அடைத்த அரசன் கிரேயோன், கடைசிவரை பிடிவாதமாக இருந்து அழிந்தான் என்று எழுதிவிடுகிறார்கள். நாடகத்தில் அவன் இறங்கி வருகிறான். பாட்டுக்குழுத் தலைவர் சொல்லும் வரிசை: குகையிலிருக்கும் பெண்ணை விடுவி, புதைக்காமல் கிடக்கும் உடலுக்குக் கல்லறை எழுப்பு. கிரேயோனோ முதலில் உடலை அடக்கம் செய்துவிட்டுக் குகைக்குப் போகிறான். அதற்குள் அந்திகனி தூக்கிட்டுக்கொண்டாள். அந்த வரிசையை அவன் ஏன் மாற்றினான் என்று விவாதிக்கிற கட்டுரை ஒன்று என் மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை.