லங்காவியில அருவிக்குப் போறீங்களா? மொதல்ல மழையப் பாருங்க

மலேசியாவோட லங்காவி தீவுன்னா எல்லாருக்கும் கடல், கேபிள் கார், வரி இல்லாத சாக்லேட் இதுதான் ஞாபகத்துக்கு வரும், அருவிக்குப் போறேன்னு சொன்னா "அங்க அருவியெல்லாம் இருக்கா?"ன்னு கேக்குறாங்க. இருக்கு, நல்லாவே இருக்கு. ஆனா கடலுக்கு நல்ல மாசம் அருவிக்கு ஆகாத மாசம், இத யாரும் சொல்ல மாட்டாங்க. டிசம்பர் கடைசிலேருந்து மார்ச் வரைக்கும் வானம் பளிச்சுன்னு இருக்கும், ஹோட்டல்ல ரூம் கெடைக்காது, அப்பதான் அருவியெல்லாம் காஞ்சு கெடக்கும். நாங்க மொத தடவ போனது ஒரு பிப்ரவரி, பேக்கேஜ் போட்டுக் குடுத்தவரு "தெமுருன் அருவி, மூணு அடுக்கு, 200 மீட்டர்"னு அடிச்சு விட்டாரு, போய் நின்னா கறுப்பா ஒரு பாறைச் சுவரு, அதுல தண்ணி வழிஞ்ச கோடு, கீழ குட்டையில தலைப்பிரட்டை. எங்கம்மா ஒரு நிமிஷம் பாத்துட்டு "நம்ம வீட்டு பைப்புல இதவிட நல்லா வரும்"னு சொல்லிட்டு காடிக்கு, அதான் காருக்கு, திரும்பிட்டாங்க.

அதனால காலண்டரப் பாக்காதீங்க, மழையப் பாருங்க. ஏப்ரலுக்கு மேல மழை ஆரம்பிக்கும், செப்டம்பர் அக்டோபர்ல நல்லா கொட்டும். ரெண்டு மூணு நாள் மழை பேஞ்சு விட்டு மறுநாள் காலையில வெயில் அடிச்சா அதுதான் உங்க நாள், பசியாறிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் கெளம்பிடுங்க. மத்தியானத்துக்கு மேல மலையில மேகம் கட்டுற பழக்கம் இருக்கு, அந்த நேரத்துல அருவியில நிக்க வேணாம், ஏன்னு பின்னாடி சொல்றேன். இன்னொன்னு, லங்காவி இருக்குற கெடா மாநிலத்துல வார லீவு வெள்ளியும் சனியும், ஞாயித்துக்கிழமை வேலை நாள். கோலாலம்பூர்லேருந்து வர்றவங்க இத மறந்துட்டு வெள்ளிக்கிழமை போய் கூட்டத்துல மாட்டிக்குவாங்க. ஞாயிறு, திங்கள்னு வெச்சுக்கிட்டா பாதி கொளம் உங்களுக்குத்தான்.

தீவுல பஸ்ஸ நம்பி எறங்காதீங்க, ஃபெர்ரி வந்து நிக்கிற குவா ஜெட்டியில எறங்கினதும் காடி வாடகைக்கு எடுத்துக்குங்க. போன்ல புக் பண்ற கிராப் வண்டி கெடைக்கும், ஆனா தெமுருன் மாதிரி ஒதுக்குப்புறமான எடத்துல திரும்பி வர்றதுக்கு வண்டி புக் பண்ணிட்டு எவ்வளவு நேரம் நிப்பீங்க.

தெலாகா துஜு, தூரியான் பெராங்கின், தெமுருன், இந்த மூணு அருவில ஒன்னுக்குத்தான் நேரம்னா தெலாகா துஜு, ஏழு கிணறுன்னு அர்த்தம். கேபிள் கார் ஸ்டேஷன் பக்கத்துலதான், பந்தாய் செனாங் கடற்கரையிலேருந்து அரை மணி நேரம். மேல வரைக்கும் 638 படின்னு சொல்றாங்க, நான் எண்ணல, எண்ணுற நெலமையில இல்ல, முன்னூறுலயே மூச்சு வாங்கிடுச்சு. வழியில ஒரு பிரிவு வரும், ஒன்னு அருவி விழுற அடிவாரத்துக்கு, இன்னொன்னு மேல கொளத்துக்கு. வயசானவங்க, முட்டி வலிக்காரங்க அடிவாரத்தோட நிறுத்திக்கலாம், மழைக்கு அப்புறம் போனா அங்க நின்னாலே சாரல் மூஞ்சில அடிக்கும். மேல ஏறுனா பாறையில தண்ணி தோண்டுன தொட்டி மாதிரி ஏழு கொளம் ஒன்னுக்கு அப்புறம் ஒன்னா எறங்கும், தேவதைங்க வந்து குளிக்கிற எடம்னு உள்ளூர்ல கதை சொல்லுவாங்க. இந்த மச்சிஞ்சாங் மலையோட மணற்பாறை 50 கோடி வருஷத்துக்கு மேல பழசு, இந்த மாதிரி பழைய பாறைங்களுக்காகத்தான் 2007ல யுனெஸ்கோ லங்காவிய ஜியோபார்க், அதாவது பாறையும் நெலமும் பாதுகாக்குற பூங்கான்னு அறிவிச்சுது. கொளத்துப் பாறைய தண்ணி ரொம்ப காலமா தேச்சு தேச்சு வழவழன்னு ஆகி, மேல ஒரு பாசி வேற.

இந்தப் பாசியப் பத்தி கொஞ்சம் சொல்லணும். பச்சையா இருந்தா எல்லாருக்கும் தெரியும், ஜாக்கிரதையா காலு வைப்பாங்க. வழுக்கிவிடுறது பழுப்பு நெறத்துல இருக்குற மெல்லிசு, பாத்தா வெறும் ஈரப் பாறை மாதிரிதான் இருக்கும், கால வெச்சா எண்ணெய். அங்க பசங்க ஒரு கொளத்துலேருந்து அடுத்த கொளத்துக்கு சறுக்கிட்டுப் போவாங்க, நல்லாதான் இருக்கும், ஆனா வரிசையில கடைசிக்கு அப்புறம் கொளம் கெடையாது, மலை விளிம்புதான், தண்ணி அப்படியே செங்குத்தா கீழ எறங்கும். அந்தப் பக்கம் வேலி, போர்டு எது இருந்தாலும் அத தாண்டி செல்ஃபி எடுக்கப் போகாதீங்க. மேல் கொளத்துலயே உக்காந்துக்குங்க, போதும்லா.

காலுக்கு என்ன போடுறது? ஜப்பான் சிலிப்பர், அதான் ரப்பர் செருப்பு, வேணவே வேணாம். விலை கூடுன ஷூவும் வேணாம், ஊருல அடிடாஸ் கம்போங்னு சொல்ற கறுப்பு ரப்பர் ஷூ, அடியில முள்ளு முள்ளா இருக்குமே, அத ஒரு ஜோடி வாங்கிக்குங்க. எங்க தாத்தா அதப் போட்டுட்டுதான் தோட்டத்துல ரப்பர் பால் வெட்டப் போவாரு, இப்ப மலையேறுறவங்க எல்லாரும் அதத்தான் தேடுறாங்க. தண்ணி உள்ள போனாலும் ஒதறிட்டுப் போடலாம், மலிவு வேற. அட்டை கடிக்கிற எடத்துக்கு கோடாலித் தைலம் ஒரு பாட்டில் பையில இருக்கட்டும், கடிச்சா இழுத்துப் பிக்காதீங்க, நகத்தால அதோட வாய் ஒட்டியிருக்குற எடத்துல பக்கவாட்டுல நெம்புனா விட்டுரும்.

குரங்கு. தெலாகா துஜுலயும் சரி தெமுருன்லயும் சரி, நீளவால் குரங்குங்க பிளாஸ்டிக் பைன்னா சாப்பாடுன்னு முடிவே பண்ணிருச்சுங்க, சலசலன்னு சத்தம் கேட்டாலே போதும். என் தங்கச்சி கையில நாசி லெமாக், அதான் தேங்காப்பால் சோறு, பொட்டலம், குரங்கு வந்து அவ கைய தொடக்கூட இல்ல, பையோட அடியில நகத்தால ஒரு கீறு, பொட்டலம் கீழ விழுந்துச்சு, எடுத்துட்டு நிதானமா படி மேல உக்காந்து சம்பலை மட்டும் இலையில தொடச்சி ஒதுக்கிட்டு சாப்பிடுது. ஜிப் வெச்ச பேக்ல எல்லாத்தையும் போட்டு மாட்டிக்குங்க, கண்ணுக்கு நேரா மொறைக்காதீங்க, பல்ல காட்டி சிரிக்காதீங்க.

சின்னப் புள்ளைங்க இருந்தா தூரியான் பெராங்கின். குனோங் ராயா மலையோட சரிவு, 14 அடுக்கா எறங்குற அருவி, கீழ் அடுக்குல ஆழமில்லாத கொளம் இருக்கும், படிக்கட்டும் தண்ணிய ஒட்டியே போகும். ஜூன், ஜூலை வாக்குல போனா தூரியான் கெடைக்கும், பேருக்கு ஏத்த மாதிரி. தெமுருன், டத்தாய் கடற்கரைக்குப் போற ரோட்டுல, பார்க்கிங்லேருந்து சில நிமிஷ நடைதான், நல்ல மழைக்கு மறுநாள் மட்டும் போங்க, அன்னிக்கு அது நெசமாவே பிரமாதம், மத்த நாள்ல எங்கம்மா சொன்னதுதான்.

குளிக்கிறப்ப டீ-சர்ட், ஷார்ட்ஸ் போட்டுக்குங்க, மலாய் குடும்பங்க புள்ளகுட்டியோட வர்ற எடம்.

இப்ப அந்த மத்தியான மேகம். மலேசியாவுல இத கெபாலா ஆயர்னு சொல்லுவாங்க, தண்ணியோட தலைன்னு அர்த்தம், மலை உச்சியில கொட்டுன மழை மொத்தமா ஒரே அடியா கீழ வர்றது. நீங்க நிக்கிற எடத்துல வெயில் அடிக்கும், மழைத் துளி ஒன்னு கூட விழாது, அதான் ஏமாத்துறது. தெளிவா இருந்த தண்ணி டீ கலர் ஆகும், இலை, குச்சி மெதந்து வரும், சத்தம் கனமாகும். இதுல ஒன்னப் பாத்தாலும் துண்டு, போன், செருப்பு எல்லாத்தையும் விட்டுட்டு பக்கத்துக் கரையில மேட்டுக்கு ஏறுங்க, நடுப்பாறையில ஏறி நிக்காதீங்க, ஆத்தக் குறுக்க கடந்து காடி இருக்குற பக்கம் போகவும் பாக்காதீங்க. மாட்டிக்கிட்டா 999, பொம்பா, அதான் தீயணைப்பு மீட்புப் படை, வருவாங்க. 2021 ஆகஸ்டுல கெடா பெருநிலத்துல குனோங் ஜெராய் மலையிலேருந்து இப்படித்தான் தண்ணியும் மண்ணும் மரமும் எறங்கி யான் பக்கம் வீடுங்கள அடிச்சிட்டுப் போச்சு, உயிரும் போச்சு.

அந்த ஜெராய் அடிவாரத்துலதான் தீத்தி ஹாயுன் இருக்கு, லங்காவிக்கு குவாலா கெடாவுலேருந்து ஃபெர்ரி ஏறுறவங்க வர்ற வழியிலயோ போற வழியிலயோ ஒரு காலைப் பொழுது ஒதுக்கலாம், நிழலான ஆறு, பாறைக்கு நடுவுல கொளம். சோழர் கல்வெட்டுல வர்ற கடாரம் இந்தப் பக்கம்தான், மலைக்குத் தெக்க பூஜாங் பள்ளத்தாக்குல பழைய கோயில் அடித்தளமும் மியூசியமும் இருக்கு, குளிச்சிட்டு அப்படியே போய்ட்டு வரலாம்.

ஒன்னு விட்டுட்டேன். கால்ல வெட்டுக்காயம் இருந்தா தண்ணியில எறங்காதீங்க, தண்ணிய முழுங்காதீங்க, எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். ஊருக்குத் திரும்பி ஒன்னு ரெண்டு வாரத்துல காய்ச்சல், கெண்டைக்கால் வலின்னு வந்தா கிளினிக்ல சும்மா காய்ச்சல்னு சொல்லாம, அருவியில குளிச்சேன், இந்தத் தேதின்னு சேத்து சொல்லுங்க.