திரையில் ‘ஃபிக்ஸ்’ வந்தால் மட்டும் போதாது

போன வாரம் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு லேஅவுட்டில் இரண்டு பையன்கள் ஆர்டிகே கருவியோடு, அதாவது செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடத்தைச் சென்டிமீட்டர் அளவில் சொல்லும் கருவியோடு, நின்றார்கள். எஃப்9பி என்ற ரிசீவர் மாட்யூல் வாங்கி அவர்களே கட்டியது. ஓரிடத்திலேயே நிற்கும் ரிசீவரான பேஸை முக்காலியில் வைத்தார்கள், அது தன் இடத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் சராசரி எடுக்கவிட்டார்கள், நடந்து போய் அளக்கும் ரிசீவரான ரோவரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் தொடக்கத்தில் செய்த அதே தவறு. சார்ஜ், கேபிள், மரத்தடி எல்லாம் நீங்களே பட்டுத் தெரிந்துகொள்வீர்கள். இதை மட்டும் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

பேஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தொடங்குவது

பேஸிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதைத்தான் ரோவர் சென்டிமீட்டர் சுத்தமாகச் சொல்லும். பேஸுக்குக் கொடுத்த எண் ஒன்றரை மீட்டர் தப்பென்றால், அளந்த அத்தனை புள்ளியும் ஒன்றரை மீட்டர் நகர்ந்துவிடும். திரையோ ‘ஃபிக்ஸ்’ (கணக்கு உறுதியாகிவிட்டது), பிழை 1.4 செ.மீ. என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

நான் முதல் நாள் பாதி மனைகளை அளந்தேன். மறுநாள் பேஸை அதே ஆணிமேல் வைத்து மறுபடி சராசரி எடுத்தேன். இரண்டு நாள் வேலையையும் வரைபடத்தில் சேர்த்தால், நேராகப் போக வேண்டிய காம்பவுண்டு சுவர் நடுவில் படிபோல ஒடிந்து ஒரு மீட்டருக்குமேல் விலகி நிற்கிறது. அதற்குள் கல் நட்டாகிவிட்டது. எட்டுக் கல்லையும் பிடுங்கி மாற்றி நட்ட கூலி என் கையிலிருந்துதான் போனது.

சரி, என்ன செய்யலாம்? அசையாத ஆணி ஒன்றை கான்கிரீட்டில் அடியுங்கள். முதல் நாள் பேஸில் சில மணி நேரம் மூலத் தரவைப் பதிவு செய்து, சர்வே ஆஃப் இந்தியாவின் கோர்ஸ் நிலையத் (எப்போதும் இயங்கும் நிரந்தர பேஸ்) தரவோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். வரும் எண்ணை நோட்டில் எழுதிவைத்து, அப்புறம் ஒவ்வொரு நாளும் அதையே கையால் போடுங்கள். தினமும் முதல் வேலையாக நேற்று அளந்த கல் ஒன்றின்மேல் ரோவரை வையுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் ஒத்துவராவிட்டால் அன்று எதையும் அளக்காதீர்கள்.

இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கிய லாம்டன், 1802இல் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து முடித்த பிறகுதான் முக்கோணங்களுக்குப் போனார். நமக்கு ஐந்து நிமிடம் போதுமா?

ஃப்ளோட்

திரையில் இப்படி வந்தால் கணக்கு இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள். பதிவு செய்யாதீர்கள். காத்திருங்கள்.

உயரம்

வேளச்சேரியில் நின்றால் கருவி மைனஸ் எண்பதை ஒட்டி ஏதாவது காட்டும். கருவி பழுதில்லை. அது நீள்கோள உயரம், அதாவது பூமியைச் சீரான ஒரு நீள்கோளமாக வைத்துக் கணக்கிடும் உயரம். சென்னையில் கடல் மட்டமே அந்த நீள்கோளத்துக்கு எண்பது மீட்டருக்குமேல் கீழே இருக்கிறது. ஜியாய்டு (கடல் மட்டப் பரப்பு) மாதிரியைப் போட்டு மாற்றாமல் வடிகால் வேலைக்கு உயரம் கொடுக்காதீர்கள்.

பட்டா எல்லை

அதை எஃப்எம்பியும் (அரசின் புல அளவை வரைபடம்) அரசு சர்வேயரும்தான் சொல்ல வேண்டும்.