டிசம்பர் மாதமும் நம் பிள்ளைகளும்: முஸ்லிம் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலப்பாளையத்திலிருந்து ஆட்டோவிலும் பள்ளி வேனிலும் பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போகும் முஸ்லிம் பிள்ளைகளில் பலர் கிறிஸ்தவ நிர்வாகப் பள்ளிகளில் படிக்கிறார்கள். எங்கள் வாப்பாமார் காலத்திலும் அப்படித்தான் இருந்தது. டிசம்பர் பிறந்ததும் வகுப்பறைச் சன்னல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கும். அரையாண்டுத் தேர்வு முடிகிற சமயத்தில் குடில், கேரல் பாட்டு, கேக் என்று விழா நடக்கும். தீபாவளியும் பொங்கலும் அதற்கு முன்னும் பின்னுமாக வந்து போகும். இந்த வாரங்களில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு நாம் பதில் சொல்லும் விதத்தில் சில தவறுகள் ஆண்டுதோறும் திரும்ப நிகழ்கின்றன. அவற்றுள் பெரியது எதுவோ அதை நானே செய்திருக்கிறேன்.

என் மகள் இரண்டாம் வகுப்பில் படித்தபோது, கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் அவளுக்கு வானவர் வேடம் கொடுத்திருந்தார்கள். வெள்ளை உடை தைக்கச் சொல்லி டைரியில் வந்த குறிப்பைப் பார்த்ததும், “அது நமக்கு ஹராம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, விழா நாளில் காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் எழுதி அவளை வீட்டில் இருத்திக்கொண்டேன். அன்று மதியம் அவள் என்னிடம் வந்து, “எனக்குக் காய்ச்சல் இல்லையே உம்மா” என்றாள். சிறிது நேரம் கழித்து, “மர்யமிடம் வந்தது ஜிப்ரீல்தானே? ஓதிக்கொடுக்கிற ஹஜ்ரத் சொல்லியிருக்காங்களே. அது எப்படி ஹராம்?” என்றும் கேட்டாள். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

அவளிடம் சொல்வதற்குக் காரணங்கள் இருந்தன. வானவர்களான மலக்குகளுக்கும் நபிமார்களுக்கும் உருவம் கொடுத்து நடிப்பதை நம் மார்க்கத்தில் தவிர்க்கிறோம் என்பதையும், அந்த நாடகம் குழந்தை இயேசுவை வணங்குவதில் போய் முடிகிறது, வணக்கம் நமக்கு அல்லாஹ் ஒருவனுக்கு மட்டுமே உரியது என்பதையும் ஏழு வயதுப் பிள்ளைக்கு எளிமையாகச் சொல்லிவிட முடியும். காரணம் சொல்லாமல் ஹராம் என்ற சொல்லை மட்டும் கையில் கொடுத்தால், பிள்ளை அதைச் செயலின் மீது வைப்பதில்லை, மனிதர்கள் மீது வைத்துவிடுகிறது. பக்கத்தில் உட்காரும் தோழி தவறானவள் என்று அது முடிவு செய்யக்கூடும். பொய்க் கடிதமோ அதைவிடப் பெரிய பாடத்தைக் கற்றுக்கொடுத்தது: மார்க்கத்தைக் காப்பாற்றப் பொய் சொல்லலாம் என்று நான் அவளுக்குச் செய்து காட்டிவிட்டேன்.

கிறிஸ்தவர்கள் இயேசு என்று அழைக்கும் ஈஸா நபியைப் பற்றியும் அவருடைய தாயார் மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களைப் பற்றியும் வீட்டில் பேசாமல் இருப்பது இன்னொரு தவறு. டிசம்பர் மாதத்தில் அந்தப் பெயர்களை எடுத்தாலே நாமும் கொண்டாடுவதாக ஆகிவிடுமோ என்று தயங்குகிறோம். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம் என்பதும், 98 வசனங்கள் கொண்ட பத்தொன்பதாம் அத்தியாயம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது என்பதும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிரசவ வலியில் அவர் ஒரு பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கியதையும், “மரத்தை உன் பக்கமாக உலுக்கு, கனிந்த பழங்கள் உதிரும்” என்று ஆறுதல் குரல் வந்ததையும் படுக்கையில் கதையாகச் சொல்லிப் பாருங்கள். பேரீச்சம் பழத்தைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளை அதைத் திரும்பக் கேட்கும். மக்காவில் துன்புறுத்தப்பட்ட முதல் முஸ்லிம்கள் அபிசீனியாவுக்குத் தஞ்சம் புகுந்தபோது, அந்நாட்டின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியின் முன்னிலையில் ஜஅஃபர் (ரலி) ஓதியது இந்த அத்தியாயத்தின் வசனங்களைத்தான். நாம் எங்கே சேர்ந்து நிற்கிறோம் என்பதை இப்படித் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு, ஈஸா அல்லாஹ்வின் தூதர், இறைமகன் அல்லர் என்று நாம் பிரிந்து நிற்கும் இடத்தையும் பதற்றமில்லாமல் சொல்லத் தெரியும்.

பள்ளியோடு பேசுவதைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடுவதும் தவறு. பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்து ஒத்திகையும் நடந்த பிறகு வாசலில் போய் நின்றால், ஆசிரியைக்கும் சங்கடம், பிள்ளைக்கு அவமானம். நவம்பரிலேயே வகுப்பாசிரியையைச் சந்தித்து, வழிபாட்டிலும் நாடகத்திலும் பிள்ளை பங்கெடுக்க இயலாது என்பதையும், திரை இழுப்பது, வரவேற்புப் பலகை எழுதுவது, நன்றியுரை சொல்வது போன்ற வேலைகளை மகிழ்ச்சியோடு செய்வாள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அரசு அங்கீகாரமோ அரசு நிதியுதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில், பாதுகாவலரின் சம்மதமின்றி வயது வராத பிள்ளையை மதப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று அரசியலமைப்பின் 28(3) பிரிவு சொல்கிறது. இந்த உரிமையைத் தெரிந்து வைத்திருப்பது நமக்குத் தெம்பு தரும்; ஆனால் முதல் பேச்சிலேயே சட்டத்தை எடுத்து வீச வேண்டியதில்லை. முன்கூட்டிப் பணிவாகக் கேட்டபோது மறுத்த ஆசிரியையை நான் இதுவரை பார்த்ததில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் நாம் பிள்ளைகளின் முன்னிலையில் நடந்துகொள்ளும் முறை சில வீடுகளில் மனத்தை உறுத்துகிறது. அண்டை வீட்டார் கொடுத்தனுப்பிய தட்டை, அவர் படியிறங்குவதற்குள் குப்பைக் கூடையில் கவிழ்க்கிறார்கள். வேதம் கொடுக்கப்பட்டவர்களான யூதர், கிறிஸ்தவர்களின் உணவு நமக்கு ஆகுமாக்கப்பட்டது என்று குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் ஐந்தாம் வசனம் சொல்கிறது. பிளம் கேக்கில் உண்மையான கேள்வி அதன் உலர்பழங்களைப் பற்றியது. அவற்றை ரம்மில் ஊறவைக்கும் வழக்கம் உண்டு, ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைப்பவர்களும் இருக்கிறார்கள். “அக்கா, இதில் ரம் சேர்த்திருக்கிறீர்களா?” என்று கேட்பதில் யாருக்கும் மனத்தாங்கல் வருவதில்லை. எங்கள் எதிர்வீட்டு அக்கா, ஒருமுறை கேட்டதிலிருந்து எங்களுக்கென்று தனியாக ஒரு கேக் சுட்டுத் தருகிறார். அந்த டப்பா பெருநாளன்று வட்டிலாப்பத்தோடு திரும்பிப் போகிறது. தீபாவளிப் பலகாரத்திலும் பொங்கலிலும் சாமிக்குப் படைத்ததை நாம் உண்பதில்லை என்று தன்மையாகச் சொன்னால், படைக்காததை எடுத்து வைத்துத் தருபவர்கள்தான் நம் ஊரில் அதிகம்.

பண்டிகை வாழ்த்துச் சொல்லலாமா என்பதில் மார்க்க அறிஞர்களான உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. உங்கள் ஜமாஅத் ஹஜ்ரத்திடம் கேட்டு ஒரு முடிவுக்கு வாருங்கள். வாப்பா ஒன்று சொல்ல, உம்மா ஒன்று சொல்ல, பிள்ளையின் முன்னால் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்துவிட்டு நம் பெருநாளை வெறுமையாக விட்டுவிட்டால் பயனில்லை. ஆண்கள் தொழுதுவிட்டு வந்து உறங்குகிறார்கள், பெண்கள் பிரியாணிச் சட்டியோடு நிற்கிறார்கள், பிள்ளை செல்போனோடு உட்கார்ந்திருக்கிறது; அந்தப் பிள்ளை குடிலையும் நட்சத்திரத்தையும் ஏக்கத்தோடு பார்த்தால் அதைக் குறை சொல்ல முடியாது. இதற்கு ஈடுகட்டுவதாக நினைத்து பரிசுப் பொருள்களை வாங்கிக் குவிக்கும் வீடுகளும் உண்டு. அது இரண்டே நாளில் சலித்துப்போகும். பிறை பார்க்கும் மாலையில் பிள்ளையை மொட்டைமாடிக்கு அழைத்துப் போங்கள், தலைமை காஜியின் அறிவிப்புக்காகச் சேர்ந்து காத்திருங்கள், நோன்புப் பெருநாளுக்கு முன் ஏழைகளுக்குக் கொடுக்கும் ஃபித்ரா அரிசியை அதன் கையாலேயே அளக்கச் சொல்லுங்கள். நம் பெருநாள்கள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், பிள்ளையால் டிசம்பர் 25-ஐப் போல ஒரு தேதியை மனத்தில் வைத்துக் காத்திருக்க இயலாது. அந்த எதிர்பார்ப்பை வீட்டில் நாம்தான் உண்டாக்க வேண்டும். 2030-ஆம் ஆண்டில் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு ரமலானும் டிசம்பர் இறுதியில் இன்னொரு ரமலானும் தொடங்கவிருக்கின்றன. நட்சத்திர விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும் தெருவில் அப்போது நம் பிள்ளைகள் ரமலான் இரவுகளின் தராவீஹ் தொழுகைக்கு நடந்து போவார்கள்.