ஆராய்ச்சிக்கு வெளியே கணிதம் பேச

வரையறையை முதலில் ஓரமாக வையுங்கள். அத்தைக்கு நிகழ்தகவு சொல்லப்போய் சூத்திரத்தில் தொடங்கினேன். இரண்டே நிமிடத்தில் கொட்டாவி விட்டார்.

இப்போது கேள்வியில் தொடங்குகிறேன்: ஓர் அறையில் 23 பேர். இருவருக்காவது ஒரே பிறந்தநாளாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? உடனே பதில் சொல்லாதீர்கள். தப்பாகவே ஊகிக்கட்டும். அப்புறம் சொல்லுங்கள்: பாதிக்குச் சற்று மேல்.

"எப்படி?" என்பார்கள். ஆட்களை விட்டு ஜோடிகளை எண்ணச் சொல்லுங்கள். தாளில் ஆளுக்கொரு புள்ளியாக ஐந்து புள்ளி வைத்து, ஜோடிக்கொரு கோடு போட்டால் பத்துக் கோடு. 23 புள்ளிக்கு 253 கோடு, தாளே கறுத்துவிடும். லீப் வருடத்தை (யாராவது கேட்டாலொழிய) இழுக்காதீர்கள்.

அத்தை விடவில்லை. "சரி, என் பிறந்தநாளோடு ஒத்துப்போகணும்னா?" பாதி வாய்ப்புக்கு அவரைத் தவிர 253 பேர் வேண்டும். அதே எண், இம்முறை ஆட்கள்! இதை என் மாணவர்கள் யாரும் கேட்டதில்லை.