இங்கிலாந்தில் 16 வயதுக்குப் பின் பிள்ளையின் படிப்பைத் தொடரச் செய்வது எப்படி?

இங்கிலாந்தில் ஒரு பிள்ளை 16 வயதை நிறைவுசெய்யும் கல்வியாண்டில், ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்கிழமையோடு பாடசாலையை விட்டு விலகலாம்; ஆனால் படிப்பை விட்டு விலக முடியாது. 1972இல் 16 ஆக்கப்பட்ட பாடசாலை விலகல் வயது இன்றும் அப்படியே இருக்க, 2008ஆம் ஆண்டுச் சட்டம் கல்வியிலோ பயிற்சியிலோ இருக்கவேண்டிய காலத்தை 2013இல் 17 வயதுவரையும், 2015 முதல் பதினெட்டாவது பிறந்தநாள் வரையும் நீட்டியது. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் இந்த நீட்டிப்பு இல்லை.

படிப்பைத் தொடர மூன்று வழிகள் உண்டு. சிக்ஸ்த் ஃபார்ம் எனப்படும், 16 வயதுக்குப் பிந்தைய பாடசாலை மேல்வகுப்பிலோ கல்லூரியிலோ முழுநேரமாகப் படிப்பது ஒரு வழி. அப்ரென்டிஸ்ஷிப் எனப்படும் தொழில் பழகுநர் பயிற்சி இன்னொன்று. மூன்றாவது வழியில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். வாரம் 20 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்யலாம், ஆனால் கூடவே அங்கீகரிக்கப்பட்ட தகைமை ஒன்றுக்குப் பகுதிநேரமாகப் படிக்கவும் வேண்டும். மாமாவின் கடையில் காலை முதல் இரவு வரை கல்லாவில் நிற்கும் பிள்ளை எவ்வளவு பொறுப்பானவனாக இருந்தாலும், அந்தப் படிப்பு இல்லையென்றால் சட்டம் கேட்பதை நிறைவேற்றியவன் ஆகமாட்டான்.

ஜிசிஎஸ்இ எனப்படும் 16 வயதுப் பொதுத்தேர்வை எழுதும் பதினோராம் ஆண்டின் தொடக்கத்திலேயே இரண்டு மூன்று இடங்களுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆகஸ்ட் மாதம் ஜிசிஎஸ்இ பெறுபேறு வரும் வியாழக்கிழமை வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு பிள்ளையோடு இருங்கள். எதிர்பார்த்த புள்ளி வராத தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்கும் பிள்ளையை அந்த நேரத்தில் கடிந்துகொள்ள வேண்டாம். அன்றைக்கே கல்லூரிகளுக்குத் தொலைபேசி எடுத்து, அந்தப் புள்ளிகளுக்குச் சேரக்கூடிய இரண்டாம் நிலை (லெவல் 2, அதாவது ஜிசிஎஸ்இக்கு நிகரான) பாடநெறிகளைக் கேளுங்கள். ஆங்கிலத்திலோ கணிதத்திலோ தேர்ச்சியாகக் கருதப்படும் 4ஆம் தரம் கிடைக்காதவர்கள் கல்லூரியில் அந்தப் பாடத்தைத் தொடர்ந்து படிக்கவேண்டும். எங்கும் இடம் கிடைக்காவிட்டால் உங்கள் கவுன்சிலை (உள்ளூராட்சி மன்றத்தை) அணுகுங்கள். 16, 17 வயதினருக்குப் பொருத்தமான இடம் கிடைக்கச் செய்வது அதன் கடமை.

பிள்ளை படிப்பைத் தொடர்வதை ஆகஸ்ட் 31க்கு முன் வரித் திணைக்களமான எச்எம்ஆர்சிக்கு அறிவியுங்கள், இல்லையேல் பிள்ளைக்காகப் பெற்றோருக்கு அரசு தரும் உதவிப்பணமான சைல்ட் பெனிஃபிட் நின்றுவிடும். அப்ரென்டிஸ்ஷிப்பில் சேர்ந்தால் அந்தப் பணம் எப்படியும் நிற்கும் என்றாலும், அங்கே பிள்ளைக்குச் சம்பளம் உண்டு. ஆகவே அதற்காக அவன் விரும்பும் தொழிலிலிருந்து அவனைத் திருப்பிவிடாதீர்கள்.