பயர்பாக்ஸில் கண்ட வழுவை முறையாக அறிவிப்பது எப்படி?

பயர்பாக்ஸ் உலாவியில் நேற்றுவரை சரியாக இருந்த ஒன்று இன்று உடைந்துபோனால், அதைத் திருத்தக்கூடியவர்களிடமே நேரடியாகச் சொல்ல நமக்கு ஒரு வழி இருக்கிறது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1998 மார்ச் 31 அன்று பயர்பாக்ஸுக்கு முன்னோடியான தன் உலாவியின் மூலநிரலைப் பொதுவில் வைத்தது. அந்தத் திட்டத்திற்காக அதே ஆண்டில் உருவான பக்ஸில்லா என்ற வழுப் பதிவேட்டை, அதாவது மென்பொருள் பிழைகளைப் பதியும் தளத்தை, பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா இன்றும் பயன்படுத்துகிறது. மூலநிரலைப் படிக்கத் தெரியாதவரும் அதில் கணக்கு தொடங்கி எழுதலாம். நிரலாளர் ஒருவர் பொதுவெளியிலேயே பதில் சொல்வார். திறமூல உலாவி என்பதால் சாதாரணப் பயனருக்குக் கிடைக்கும் உரிமைகளில் இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் அவசரத்தில் எழுதிய இரண்டு வரிப் புகாரைக் கொண்டு எந்த நிரலாளராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பதால், எழுதும் முறையைக் கற்றுக்கொள்வது அவசியம்.

முதலில், நீங்கள் கண்டது பழுதா, அல்லது தெரிந்தே எடுக்கப்பட்ட முடிவா என்று பிரித்துப் பாருங்கள். பயர்பாக்ஸைப் போல மக்களின் பாசத்தையும் கோபத்தையும் ஒருசேரச் சம்பாதித்த மென்பொருள் குறைவு. 2004 நவம்பர் 9 அன்று அதன் 1.0 பதிப்பு வந்தபோது, ஏறத்தாழ 10,000 பேர் கைக்காசு போட்டு, டிசம்பர் 16 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இரண்டு பக்க விளம்பரம் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் 57ஆம் பதிப்பு பழைய வகை நீட்சிகளை (உலாவியில் நாமே சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதிகளை) முற்றிலும் கைவிட்டபோது, பல ஆண்டுகளாக அவற்றை நம்பியிருந்தவர்கள் மனம் வெறுத்துப் பேசினார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அது வழு அல்ல. வேகத்திற்காகவும் பாதுகாப்பிற்காகவும் யோசித்து எடுத்த முடிவு. இப்படிப்பட்டவற்றை பக்ஸில்லாவில் எழுதினால் பதிவு மூடப்படும், உங்கள் உழைப்பும் வீணாகும். மொசில்லா கனெக்ட் என்ற யோசனைத் தளம் இதற்காகவே இருக்கிறது. 2016இல் 45ஆம் பதிப்பில் நீக்கப்பட்ட டேப் குழுக்கள் வேறு வடிவில் 2025இல் திரும்பி வந்ததற்கு, அந்தத் தளத்தில் பயனர்கள் விடாமல் கேட்டதே முக்கியக் காரணம்.

பழுதுதான் என்று தோன்றினால், அது உலாவியின் பழுதா என்று உறுதி செய்யுங்கள். உலாவியைப் புதுப்பித்த பிறகு, உதவிப் பட்டியலில் உள்ள பழுதுநீக்கல் பயன்முறையில் திறந்து பாருங்கள். அந்த முறையில் நீட்சிகள் எல்லாம் தற்காலிகமாக நிறுத்தப்படும். பிரச்சினை மறைந்துவிட்டால், நீட்சிகளை ஒவ்வொன்றாக முடக்கிக் குற்றவாளியைக் கண்டுபிடித்து, அதை உருவாக்கியவரிடம் சொல்லுங்கள். மறையாவிட்டால் புதிய சுயவிவரம் (உங்கள் அமைப்புகளும் தரவும் அடங்கிய தொகுப்பு) ஒன்றை உருவாக்கி அதிலும் சோதியுங்கள். ஒரே ஒரு தளத்தில் மட்டும் கோளாறு என்றால், பட்டியலில் உள்ள 'உடைந்த தளத்தை அறிவி' என்ற வசதியே போதும்.

அடுத்து, அதே வழுவை வேறு யாராவது ஏற்கெனவே பதிந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். பதிந்திருந்தால் 'எனக்கும் இப்படித்தான்' என்று எழுதுவதால் பயனில்லை. அங்கே இல்லாத புதிய தகவல் உங்களிடம் இருந்தால் மட்டும் சேருங்கள். இல்லையென்றால் புதிய பதிவைத் தொடங்குங்கள். படிவம் மூன்று கேள்விகள் கேட்கும்: என்னென்ன செய்தீர்கள், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும். மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு பதிவில் ஒரு வழு மட்டுமே இருக்கட்டும்.

தமிழ் எழுத்து தொடர்பான வழு என்றால் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் படிக்கப்போகிறவருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. 'கொய்யா' என்று தட்டச்சு செய்து அழிக்கும்போது ஏதோ தவறாக நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஒன்றுபோலவே தெரியும் 'கொ' கணினிக்குள் இரண்டு விதமாக இருக்கலாம்: ககரத்துடன் ஒகரக் குறி ஒரே குறியெண்ணாக (எழுத்துக்குக் கணினி தரும் எண்) வரலாம், அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியெண்களாக வரலாம். பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் முதல் வகையில் 'க' மிஞ்சும், இரண்டாம் வகையில் 'கெ' மிஞ்சும். எந்த வகை நீங்கள் தட்டச்சு செய்த உரைப்பெட்டியில் இருந்தது என்று குறியெண்களோடு எழுதாவிட்டால், நிரலாளர் தன் கணினியில் வேறு வகையைத் தட்டிவிட்டு 'எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது' என்று பதிவை மூடிவிடுவார். அவர்மீது குறை சொல்லவும் முடியாது. ஆகவே குறியெண்களையும், திரைப்பிடிப்பையும், எழுத்துருவின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். பக்கத்தின் உள்ளமைப்பைக் காட்டும் பக்க ஆய்வி என்ற உலாவிக் கருவியின் எழுத்துருப் பலகத்தில் உண்மையில் எந்த எழுத்துரு பயன்படுகிறது என்று தெரியும்; அது நீங்கள் நினைத்த எழுத்துருவாக இல்லாமலும் இருக்கலாம். அந்த ஒரு சொல்லும் ஒரு பெட்டியும் மட்டும் உள்ள பத்து வரி எச்டிஎம்எல் கோப்பு ஒன்றை இணைத்தால் இன்னும் நல்லது. பெரிய பக்கத்திலிருந்து தேவையற்றதை ஒவ்வொன்றாக நீக்கி, நீக்க நீக்க வழு இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தால் அந்தக் கோப்பு தானாக உருவாகிவிடும்.

'முன்பு சரியாக இருந்தது' என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தால், பதிவின் மதிப்பைப் பன்மடங்கு உயர்த்தும் கருவி ஒன்று இருக்கிறது. மோஸ்ரெக்ரெஷன் என்பது அதன் பெயர். நிரலெழுதத் தெரியாதவர்களுக்காக, கட்டளை தட்டாமல் பொத்தான்களை அழுத்தி இயக்கும் வடிவிலும் கிடைக்கிறது. பயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பான நைட்லி நாள்தோறும் வெளியாகிறது. வழு இல்லாத ஒரு தேதியையும் வழு உள்ள ஒரு தேதியையும் கொடுத்தால், கருவி நடுத்தேதியின் நைட்லியைத் தரவிறக்கி, உங்கள் தரவைத் தொடாத புதிய சுயவிவரத்தில் திறந்து காட்டும். நீங்கள் வழுவைச் சோதித்து 'நன்று' அல்லது 'பழுது' என்று சொல்ல, இடைவெளி பாதியாகும். 64 நாள் இடைவெளிக்கு 6 சோதனை, 256 நாளுக்கு 8 சோதனை போதும். வழு அண்மையில் நுழைந்ததாக இருந்தால், அந்த ஒரு நாளுக்குள் சேர்ந்த மாற்றங்களையும் கருவி இதேபோல் பிரித்துப் பார்த்து, சில வேளைகளில் ஒரே ஒரு மாற்றம்வரை கொண்டுபோய் நிறுத்தும். இறுதியில் அது தரும் இணைப்பை அப்படியே பதிவில் ஒட்டுங்கள். எங்கோ ஏதோ உடைந்திருக்கிறது என்ற நிலையிலிருந்து, இன்னாரின் இந்த மாற்றத்தால் உடைந்தது என்ற நிலைக்குப் பதிவு வந்துவிடும். ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமானால் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

உலாவி முற்றிலும் முறிந்து மூடிக்கொண்டால், முறிவு அறிக்கையை அனுப்பிவிட்டு அதன் அடையாள எண்ணைப் பதிவில் எழுதுங்கள். பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகித்தால், படிவத்தில் அதற்கென உள்ள கட்டத்தில் குறியிட மறக்காதீர்கள். குறியிட்டால் பதிவு பொதுப்பார்வைக்கு வராது. மற்றப் பதிவுகள் அனைத்தையும் யாரும் படிக்கலாம் என்பதால், திரைப்பிடிப்பில் உங்கள் மின்னஞ்சலோ வங்கி விவரமோ தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு இணையுங்கள். உலாவியின் எந்தக் கூற்றில் (பகுதியில்) வழு என்று படிவம் கேட்கும் இடத்தில் தயங்க வேண்டாம். தவறாக இருந்தால் மற்றவர்களோ தானியங்கியோ மாற்றிவிடும்.

பதிந்த பிறகு மின்னஞ்சலைக் கவனியுங்கள். நிரலாளர் ஒருவர் உங்களிடம் மேலும் தகவல் கேட்டுப் பதிவில் 'தகவல் தேவை' என்ற குறி வைத்தால், அதற்குப் பதில் வராத பதிவுகள் முழுமையற்றவை என்று மூடப்படுகின்றன. 'சரியாகத் தெரியவில்லை, வாரக்கடைசியில் பார்த்துச் சொல்கிறேன்' என்ற பதில்கூடப் பதிவை உயிரோடு வைத்திருக்கும். திருத்தம் சேர்ந்ததாக அறிவிப்பு வந்ததும், மறுநாள் நைட்லியில் நீங்கள் எழுதிய அதே படிகளை அதே வரிசையில் செய்து பாருங்கள். வழு போயிருந்தால், எந்த நாளின் நைட்லியில், எந்த இயங்குதளத்தில் சோதித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். போகவில்லையென்றால் அதையும் அதே விவரத்தோடு எழுதுங்கள்.